நிழலுக்கு வெளிச்சம் கொடுங்கள்: பழைய கேமராவில் முதல் கலர் ரோல்

மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்துக்குள் ஒரு பசு நிற்கிறது. ஒருவர் உட்கார்ந்து பால் கறக்க, அது தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. பல்லவர் காலத்துச் சிற்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பசுவை என் பென்டாக்ஸ் கே1000 கேமராவில் இரண்டு முறை எடுத்தேன். முதல் முறை, வெளித் தூண்களில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் காட்டிய அளவை அப்படியே வைத்து எடுத்தேன். இரண்டாம் முறை கொஞ்சம் நெருங்கிப் போய், நிழலில் இருந்த கல்லை மட்டும் மீட்டருக்குக் காட்டினேன். அது சொன்ன அளவை மாற்றாமல் பழைய இடத்துக்கு வந்து எடுத்தேன்.

ரோல் கழுவி வந்தபோது முதல் படத்தில் பசு இருந்த இடத்தில் பழுப்பும் பச்சையுமாகப் புழுதி படிந்தாற்போல் ஏதோ இருந்தது. இரண்டாவதில் கன்றின் காது வரை தெரிந்தது. வெயில் அடித்த தூண்கள் வெளுத்துப் போயிருக்கும் என்று பயந்திருந்தேன். அவையும் கல்லாகத்தான் இருந்தன, ஓரங்கள் மட்டும் கொஞ்சம் மென்மையாக.

கலர் ஃபிலிமில் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதில் பெரும்பகுதி இந்த இரண்டு படங்களுக்கு நடுவில் இருக்கிறது. மொபைலிலும் டிஜிட்டல் கேமராவிலும் பழகியவர்கள் வானம் வெளுத்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள்; இருட்டை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். கலர் நெகட்டிவில், அதாவது கழுவியபின் வெளிச்சமும் நிழலும் இடம் மாறித் தெரியும் சாதாரணக் கலர் ஃபிலிமில், இது தலைகீழ். வெளிச்சம் கூடினால் தாங்கும். குறைந்தால் தாங்காது.

ஏன் அப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஃபிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் பட்டையின் மேல் ஜெலட்டின் பூச்சு. அந்தப் பூச்சுக்குள் ஒளி பட்டால் மாறுகிற வெள்ளி உப்புத் துகள்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. கலர் ஃபிலிமில் இந்தப் பூச்சு மூன்று முக்கிய அடுக்குகளாக இருக்கும். மேலே நீலத்தை உணரும் அடுக்கு, நடுவில் பச்சை, அடியில் சிவப்பு. ஷட்டர் திறந்து மூடும் அந்தக் கணத்தில் மூன்றும் தத்தம் பங்கு வெளிச்சத்தை வாங்கிக்கொள்கின்றன. கண்ணுக்கு அப்போது எதுவும் தெரியாது. கழுவும்போதுதான் ஒளி பட்ட துகள்கள் வெள்ளியாக மாறுகின்றன. மாறும்போது பக்கத்தில் இருக்கும் வேதிப்பொருளோடு சேர்ந்து சாயம் உண்டாகிறது. நீல அடுக்கில் மஞ்சள், பச்சை அடுக்கில் மெஜந்தா, சிவப்பு அடுக்கில் சயான். பிறகு வெள்ளி முழுவதும் கரைத்து எடுக்கப்பட்டுவிடும். கையில் வரும் கலர் நெகட்டிவில் இருப்பது சாயம் மட்டுமே.

இந்தக் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர். கோடாக் 1972-ல் கொண்டுவந்தது. இன்றும் சாதாரணக் கலர் நெகட்டிவுக்கு இதே முறைதான். டெவலப்பர் என்ற கரைசல் 37.8 டிகிரி செல்சியஸில் இருக்கவேண்டும், 3 நிமிடம் 15 விநாடி. பழைய கணக்கில் சரியாக நூறு டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது காய்ச்சல் அடிக்கும் உடம்பின் சூடு. அதிலிருந்து கொஞ்சம் விலகினாலும் நிறம் மாறும்.

இப்போது பசுவுக்கு வருவோம். ஒவ்வொரு நிறத்தின் அடுக்குக்குள்ளும் மறுபடி உள் அடுக்குகள் உண்டு. சிலவற்றில் பெரிய துகள்கள். கொஞ்சம் வெளிச்சத்துக்கே அவை மாறிவிடும். மற்றவற்றில் சின்னத் துகள்கள். நிறைய வெளிச்சம் வந்தால்தான் அசையும். வெளிச்சம் பற்றாதபோது பெரிய துகள்கள் மட்டும் ஆங்காங்கே மாறுகின்றன. அதுதான் நிழலில் தெரிகிற மணல் மணலான புழுதி. தாராளமாக வெளிச்சம் கொடுத்தால் சின்னத் துகள்களும் வேலைக்கு வரும், படம் வழவழப்பாகும். அதற்கு மேலும் வெளிச்சம் கூடினால் நெகட்டிவ் அடர்த்தியாகிக்கொண்டே போகுமே தவிர, விவரம் அவ்வளவு சீக்கிரம் அழியாது. இரண்டு ஸ்டாப், சில ஃபிலிம்களில் மூன்று ஸ்டாப் கூடினால்கூட நல்ல ஸ்கேன் எடுக்கலாம். ஒரு ஸ்டாப் குறைந்தாலே நிழல் சேறாகிவிடும்.

ஸ்டாப் என்றால் என்ன? வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது அல்லது பாதியாக்குவது, அவ்வளவுதான். ஷட்டரில் இது நேராகப் புரியும்: 1/250 விநாடியிலிருந்து 1/125-க்கு வந்தால் இரண்டு மடங்கு நேரம், ஒரு ஸ்டாப் கூடுதல். லென்ஸில் இருக்கும் எண்கள்தான் முதலில் குழப்பும். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. எண் சிறிதானால் துளை பெரிது. 16-லிருந்து 11-க்கு வந்தால் இரட்டிப்பு, 11-லிருந்து 8-க்கு வந்தால் மறுபடி இரட்டிப்பு. பழைய கேமராவின் வளையத்தைத் திருப்பும்போது ஒவ்வொரு எண்ணிலும் டிக் என்று ஒரு பிடிப்பு இருக்கும். இரண்டு நாள் சும்மா வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தால் விரல் அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளும்.

பழைய கேமராவில் மீட்டர் செத்துப்போயிருக்கலாம். அதற்காகக் கேமராவை ஒதுக்கவேண்டியதில்லை, ஏனென்றால் வெயிலே ஒரு மீட்டர். தெளிந்த வெயிலில் லென்ஸ் வளையத்தை 16-ல், அதாவது எஃப் 16-ல் வைத்து, ஷட்டரை ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு (ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாக உணரும் என்று டப்பாவில் போட்டிருக்கும் எண்) பக்கத்தில் இருக்கும் எண்ணில் வைக்கவேண்டும். 200 ஃபிலிம் என்றால் 1/250. உலகம் முழுக்க ‘சன்னி 16’ என்று சொல்லும் விதி இதுதான். வெயில் குறையும்போது என்ன செய்வது என்பதைத் தரையில் விழும் உங்கள் நிழலே சொல்லும். நிழலின் ஓரம் கத்தரித்தாற்போல் இருந்தால் எஃப் 16. ஓரம் மங்கியிருந்தால் எஃப் 11. நிழல் விழுகிறதா இல்லையா என்று தேடவேண்டியிருந்தால் எஃப் 8. மழை மேகம் கட்டி நிழலே இல்லையென்றால் எஃப் 5.6. புளியமரத்தடி, வீட்டுத் திண்ணை போன்ற இடங்களில், மேலே வானம் திறந்திருந்தும் வெயில் நேராக விழாதபோது, எஃப் 4. கடற்கரை மணலில் எஃப் 22 வைக்கச் சொல்வார்கள். கலர் நெகட்டிவுக்கு நான் அதைக் கேட்பதில்லை. எஃப் 16-லேயே விட்டுவிடுவேன்.

மீட்டர் வேலை செய்தாலும் அதற்கு ஒரு குணம் உண்டு. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டு வாசலில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நாலு பெரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்து, ‘வெளிச்சம் அதிகம், குறை’ என்கிறது. குறைத்தால் வேட்டி சாம்பலாகும், முகங்கள் இருண்டுபோகும். அங்கே முகத்தைப் பார்த்து அளக்கவேண்டும். உங்கள் உள்ளங்கையை அதே வெளிச்சத்தில் பிடித்து மீட்டருக்குக் காட்டுங்கள். அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். உள்ளங்கை அந்த நடுச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிர் என்பதால் இந்தக் கணக்கு சரியாக வரும்.

தொடங்குகிறவர்கள் இதையெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் யோசிக்காமலிருக்க ஒரு வழி உண்டு: 200 ஃபிலிமைப் போட்டுவிட்டுக் கேமராவில் 100 என்று வையுங்கள். கே1000-ல் ஷட்டர் வட்டின் வெளி வளையத்தைத் தூக்கித் திருப்பினால் எண் மாறும். எல்லாப் படங்களுக்கும் ஒரு ஸ்டாப் தானாகக் கூடிவிடும். லேபில் கொடுக்கும்போது இதைப் பற்றி எதுவும் சொல்லவேண்டாம், வழக்கம்போலக் கழுவினால் போதும். என் முதல் பத்து ரோல்களை இப்படி எடுத்திருந்தால் எத்தனையோ முகங்கள் மிஞ்சியிருக்கும்.

எந்த ஃபிலிம் என்று கேட்டால், முதலில் கோடாக் கோல்ட் 200 அல்லது கலர்பிளஸ் 200. நம் ஊர் வெயிலுக்கு 200 தாராளம். சாயங்காலம், மழைக்காலம், மலையூர் என்றால் அல்ட்ராமேக்ஸ் 400. போர்ட்ரா 400 மனித நிறத்துக்கு மிக நல்ல ஃபிலிம், ஆனால் விலை அதிகம். கை பழகியபின் வாங்கலாம். எக்டார் 100-ல் சிவப்பும் நீலமும் அள்ளும். ஆனால் அளவு தப்பினால் மற்றவை மன்னிக்கும் அளவுக்கு அது மன்னிக்காது. காலாவதியான ரோல் மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் தொடங்காதீர்கள். தவறு உங்களுடையதா ஃபிலிமுடையதா என்றே தெரியாமல் போகும்.

கேமரா பெரும்பாலும் வீட்டுப் பரணில் இருக்கும். அப்பாவோ மாமாவோ வாங்கின யாஷிகா இருந்தால் முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பேட்டரியை உள்ளேயே விட்டிருந்தால் கசிந்து உப்புப் பூத்திருக்கும். வினிகர் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும். பின்கதவைத் திறந்து ஓரங்களில் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் பசையாக ஒட்டினால் அதை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் ஃபிலிமில் லைட் அடித்துவிடும். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சாதாரணம். லேசாக இருந்தால் படத்தில் தெரியாது. நிறைய இருந்தால் படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல் மங்கும்.

சில பழைய கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்குச் செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் மீட்டர் தப்பாகச் சொல்லக்கூடும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 என்ற பேட்டரி 1.4 வோல்ட் அளவில் இருக்கும். மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள். சின்னதாக ஒரு வளையம் வைத்து அதைப் பொருத்திக்கொள்ளலாம். கே1000-க்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு எல்ஆர்44 பேட்டரி மீட்டருக்கு மட்டும்; அது தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். 1976 முதல் 1997 வரை தயாரான கேமரா, இன்னும் நிறையக் கிடைக்கிறது. மீட்டரை அணைக்க அதில் பொத்தான் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி மிஞ்சும்.

சுற்றிப் பார்க்கப் போகும்போது கழுத்தில் கனம் வேண்டாம் என்பவர்களுக்கு 1967-ல் வந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35 அருமையான கேமரா. பெயரே சுற்றுலாவை நினைத்து வைத்ததுதான். பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் வளையம் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்து அளவைத் தானே வைத்துக்கொள்ளும். வெளிச்சம் பற்றாவிட்டால் கண்வைத்துப் பார்க்கும் இடத்தில் சிவப்பு நாக்கு ஒன்று எழும், பொத்தான் அமுங்காது. வாங்கும்போது லென்ஸ் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு பொத்தானை அமுக்குங்கள். அந்தச் சிவப்பு வந்தால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது.

பரணில் இருப்பது அக்ஃபா க்ளிக் 3 என்றால் அதில் இப்போது சொன்ன ரோல்கள் போகாது. அதற்கு 120 என்ற அகல ஃபிலிம். அதுவும் கலரில் கிடைக்கிறது, ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். பழகினபின் அதற்கு வரலாம்.

ரோல் போடும் வேலையை நிழலில், அவசரமில்லாமல் செய்யுங்கள். ரோலிலிருந்து நீண்டிருக்கும் ஃபிலிம் நாக்கை எதிர்ப்பக்க உருளையின் பிளவில் செருகி, பின்கதவைத் திறந்தபடியே ஒருமுறை ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளி, ஓரத் துளைகள் பல் சக்கரத்தில் இருபுறமும் உட்கார்ந்ததா என்று பாருங்கள். மூடியபின், இடப்பக்கம் மேலே இருக்கும் திருகைத் தொய்வு எடுக்கச் சுற்றிக்கொள்ளுங்கள். அடுத்தமுறை லீவரைத் தள்ளும்போது அந்தத் திருகு தானாகச் சுழலவேண்டும். சுழலாவிட்டால் ஃபிலிம் ஓடவில்லை. பழவேற்காட்டில் ஒருநாள் முழுக்கப் படகுகளையும், வலை உலர்த்துகிறவர்களையும், ஏரியில் நின்ற பூநாரைகளையும் எடுத்தேன். 36 படத்துக்கான ரோலில் கவுண்டர் 38, 39, 40 என்று போய்க்கொண்டே இருந்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. உள்ளே ஃபிலிம் முதல் படத்திலேயே நழுவி நின்றிருந்தது. இன்றும் மூன்று படத்துக்கு ஒருமுறை அந்தத் திருகைப் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் ரோல்களுக்குத் தூர ஊர் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். காலையில் பஸ் ஏறி ராத்திரி வீடு திரும்பும் தூரம்தான் நல்லது, ஏனென்றால் தவறினால் மறுபடி போகலாம். மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழுந்து யானைகள் புடைத்து எழும். பிற்பகலில் வெயில் பாறைக்குப் பின்னால் போய்விடும், யானைகள் தட்டையாகிவிடும். ஒரே இடத்துக்கு இரண்டு வேளையில் போய், ஒரே அளவு தூரத்தில் நின்று ஒவ்வொரு படம் எடுத்துப் பார்த்தால், கலர் ஃபிலிம் வெளிச்சத்தை எப்படிப் படிக்கிறது என்பது புரிந்துவிடும். சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்துக்கொண்டு படத்தின் எண், எஃப், ஷட்டர், வெயிலா நிழலா என்று எழுதுங்கள். ஒரு வரி போதும். நான் அந்த நோட்டுகளை எறியவில்லை.

ஃபிலிமுக்குப் பெரிய எதிரி சூடு. ஊட்டியில் 1960-ல் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலை உருவானது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தன. ஆலை மூடியபிறகும் இந்து நகர் என்ற பெயர் அந்த மலையில் இருக்கிறது. ஃபிலிம் என்ற பொருளுக்குக் குளிர்ந்த மலை ஏன் தோதான வீடு என்பது, மே மாதத்தில் காரின் முன்கண்ணாடி அடியில் ரோலை விட்டவர்களுக்குத் தெரியும். வீட்டில் ஃபிரிட்ஜில், அதன் டப்பாவிலேயே வையுங்கள். வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம் அறையின் சூட்டுக்கு வரவிட்டுத் திறவுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துவிடும். எடுத்து முடித்த ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் கழுவக் கொடுங்கள்.

சென்னை மெட்ரோவில் பையை ஸ்கேனரில் போடச் சொல்வார்கள். 200 ரோலுக்கு ஓரிருமுறை போனால் ஒன்றும் ஆகாது; ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ரோல்களைக் கையில் தனியே எடுத்து, பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். விமான நிலையங்களில் வந்துகொண்டிருக்கும் சி.டி. ஸ்கேனர்கள் ஒரே முறையில் ஃபிலிமைக் கெடுக்கும், அங்கே கட்டாயம் கையால் பார்க்கச் சொல்லவேண்டும்.

சாதாரணக் கலர் ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்குச் செய்யப்பட்டது. குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லாம் ஆரஞ்சாகும், பழைய டியூப் லைட்டில் முகம் பச்சையடிக்கும். ராத்திரி டீக்கடை பல்பின் அந்த ஆரஞ்சு எனக்குப் பிடிக்கும், அதைத் திருத்தச் சொல்வதில்லை. சினிமா ஃபிலிமை வெட்டிச் சின்ன ரோலாகச் சுற்றி விற்பவர்களிடம் வாங்கினால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பின்புறக் கறுப்புக் கரிப்பூச்சு இருக்கிறதா, எந்த முறையில் கழுவவேண்டும்? கரிப்பூச்சு உள்ள ரோல் சாதாரண லேபில் போனால் அது உதிர்ந்து மற்றவர்கள் ரோலையும் கெடுக்கும்.

ரோல் முடிந்தால் லீவர் நின்றுவிடும். பலவந்தம் கூடாது. அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கி, மேல் திருகால் பின்னோக்கிச் சுற்றுங்கள். சுற்றச் சுற்ற இறுக்கம் இருக்கும். திடீரென்று கை லேசாகும். அதுவரை பின்கதவைத் தொடாதீர்கள்.

லேபில் ஸ்கேன் மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள், நெகட்டிவைத் திரும்பக் கேளுங்கள். படம் நன்றாக வராதபோது காரணம் அதில்தான் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முழுக்க ஆரஞ்சுச் சாயலோடு, வானம் இருண்டும் நிழல் வெளிறியும் தலைகீழாகத் தெரியும். ஸ்கேன் இருட்டாக இருந்து, நெகட்டிவில் நிழல் பகுதியில் கோடுகள் தெரிந்தால் ஸ்கேன் செய்தவரிடம் மறுபடி எடுக்கச் சொல்லலாம். நெகட்டிவிலேயே எதுவும் இல்லையென்றால் நாம் வெளிச்சம் கொடுக்கவில்லை. என் பசுவின் முதல் நெகட்டிவை அப்படிப் பிடித்துப் பார்த்தேன். தூண்கள் இருந்தன. பசு இருந்த இடம் வெறும் ஆரஞ்சுக் கண்ணாடி. இரண்டாவதைப் பிடித்தபோது, விரல் நகத்தைவிடச் சின்னதாக, கன்றை நோக்கித் திரும்பிய அதன் முகம் இருந்தது.